மட்டக்களப்பு – அம்பாறை விமான நிலையங்கள்: தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடும் வழி

லண்டனிலிருந்து வந்திருந்த மாமி அம்பாறைப் பக்கம் வீரமுனையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. தங்கியிருந்தது மட்டக்களப்பு நகரத்தில். முகூர்த்தம் காலை 8.40. முதல் நாள் இரவு போன் எடுத்தார். “மனே, கொம்பியூட்டர்ல பார்த்தன். மட்டக்களப்பு எயார்போட்டிலயிருந்து அம்பாறை எயார்போட்டுக்கு 41 கிலோமீற்றர்தானாம். வீரமுனை அதுக்கு முன்னமே வந்திரும். ஏழரைக்கு வெளிக்கிட்டாக் காணும்” என்றார். நானும் வேறு அலுவலில் இருந்தபடியால், சரி மாமி என்று வைத்துவிட்டேன்.

ஏழரைக்கு வெளிக்கிட்ட வான் காத்தான்குடியில் பள்ளிக்கூட நேரத்துக்குள் மாட்டி, கல்முனைக் கடைத்தெருவில் ஊர்ந்து, காரைதீவுச் சந்தியில் திரும்பி, வீரமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. “அறுகரிசி போடத்தானே மனே இவ்வளவு தூரம் வந்தன்” என்று அன்று பின்னேரம் மாமி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. மணமக்களை வாழ்த்தித் தூவும் அறுகம்புல்லும் அரிசியும்தான் அறுகரிசி. அந்த இரவு நான் இன்னும் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் போதும்.

41 என்பது பிழையான எண் அல்ல. சரியான எண்தான். ஆனால் அது நிலத்தில் போகிறவருக்கான எண் அல்ல. வேலை மாற்றலாகிக் கிழக்கு மாகாணத்துக்கு வந்திருப்பவர்கள், பல வருடம் கழித்து ஊர் பார்க்க வருகிறவர்கள், இங்கே பெண் கொடுத்து அல்லது எடுத்துப் புதிதாக உறவாகியிருப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களுக்காக, கணக்கை அடியிலிருந்து எழுதுகிறேன்.

1. எந்த இரண்டு விமான நிலையங்கள் என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

மட்டக்களப்பு விமான நிலையம் நகரத்துக்குத் தென்மேற்கே, திமிலைதீவுப் பக்கம் இருக்கிறது. நகரத்திலிருந்து ஓட்டோவில் சில நிமிடம். 1958இல் தொடங்கியது. நீண்ட காலம் விமானப்படையின் கையில் இருந்து, ஓடுபாதை திருத்தப்பட்டு 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது. பயணச்சீட்டிலும் இணையத்திலும் இதன் குறி பி.ரி.சி. (BTC). பெயரோடு ‘சர்வதேச’ என்ற சொல் ஒட்டியிருப்பதால் லண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ நேரே இங்கே இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். சிறிய உள்நாட்டு விமானங்களுக்கான இடமாகவே இது பயன்படுகிறது.

அம்பாறை விமான நிலையத்தைத் தேடும்போது ‘அம்பாறை’ என்று போட்டால் சில இடங்களில் ஒன்றுமே வராது. அதன் இன்னொரு பெயர் கல்லோயா. இருக்கும் இடம் அம்பாறை நகரத்துக்கு வடமேற்கே, உகன பக்கம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பெயர்தான் இதற்கும் வந்தது. இன்று அது விமானப்படை முகாம். சும்மா போய் வாசலில் இறங்கிக் காத்திருக்கும் இடமல்ல. அங்கே பயணிகளுக்கு நாளாந்த விமானச் சேவை இல்லை. ஆகவே இந்த இரண்டுக்கும் இடையே ‘பயண நேரம்’ என்று யார் எதைக் காட்டினாலும், அது சீட்டு வாங்கிப் போகக்கூடிய ஒரு விமானத்தின் நேரம் அல்ல.

2. நேர்கோட்டுத் தூரத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்

இது கடினமில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். உலகப் படத்தில் அகலக்கோடு பாகையிலும் கலையிலும் சொல்லப்படும். ஒரு பாகைக்கு 60 கலை. வடக்குத் தெற்காக ஒரு கலை நகர்ந்தால் அது ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர்.

மட்டக்களப்பு விமான நிலையம் ஏறத்தாழ வடக்கு 7 பாகை 42 கலையில் இருக்கிறது. கல்லோயா 7 பாகை 20 கலையில். வித்தியாசம் 22 கலை. அதாவது 22 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினால் 40.7 கிலோமீற்றர். கிழக்கு மேற்காகப் பார்த்தால் 81 பாகை 41 கலைக்கும் 81 பாகை 37 கலைக்கும் நான்கு கலைதான் வித்தியாசம். அதையும் சேர்த்தால் 41 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. மாமி கண்ட எண் இதுதான். ஒரு கடைத் துண்டின் பின்பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரியவருகிறது. கல்லோயா, மட்டக்களப்புக்குக் கிட்டத்தட்ட நேர் தெற்கே இருக்கிறது. அப்படியானால் நடுவில் என்ன இருக்கிறது? வாவி இருக்கிறது, படுவான்கரையின் வயல் இருக்கிறது, குளங்களும் காடும் இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

3. ‘பறக்கும் நேரம்’ எங்கிருந்து வருகிறது

தூரம் காட்டும் இணையக் கணிப்பான்கள் பலவும் ஒரே சூத்திரத்தைத்தான் எல்லா ஊருக்கும் போடுகின்றன. பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறக்குறைய 800 கிலோமீற்றர் போகும் என்று எடுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் சேர்க்கும். 41 கிலோமீற்றருக்கு அந்தக் கணக்கில் 33 நிமிடம் வரும். அதில் மூன்று நிமிடம்தான் தூரத்துக்கு. மற்ற முப்பதும் எந்த ஊருக்கும் ஒட்டும் பொது எண். கிழக்குக்கு வரும் சிறிய விமானம் செஸ்னா கரவான் போன்றது, மணிக்கு 300 கிலோமீற்றர் சொச்சம். அந்த வேகத்தில் 41 கிலோமீற்றரைக் கடக்க எட்டு நிமிடம் போதும். இரண்டு எண்ணும் உங்களைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகாது. பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

4. அடுத்து வழியைப் பிடியுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். அது ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, சூரியன் எழும் கரை. மேற்குப் பக்கம் படுவான்கரை, பொழுது படும் கரை. புதிதாக வருகிறவர் இந்த இரண்டு சொல்லையும் முதல் நாளே படித்துக்கொள்ள வேண்டும். ஓட்டோக்காரரும் கடைக்காரரும் வழி சொல்லும்போது வீதியின் எண்ணைச் சொல்ல மாட்டார்கள், கரையைத்தான் சொல்வார்கள்.

முதலாவது வழி எழுவான்கரை வழி. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வந்து கல்லடிப் பாலத்தைக் கடக்க வேண்டும். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது, வாகனங்கள் 2013இல் திறந்த புதிய பாலத்தில் போகின்றன. அங்கிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி, பெரியகல்லாறு, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது. அதற்கடுத்தது காரைதீவுச் சந்தி. அங்கே கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பினால் மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, வீரமுனை, மல்வத்தை, அப்புறம் அம்பாறை. அம்பாறை நகரத்திலிருந்து வடமேற்கே ஏறினால் உகன. விமான நிலைய வாசலிலிருந்து விமான நிலைய வாசல் வரை சுமார் 75 கிலோமீற்றர். நேர்கோட்டில் 41 ஆக இருந்தது, தரையில் 75 ஆகிறது. வாவியின் வெளிப்பக்கமாகத் தெற்கே இறங்கி, பிறகு உள்ளே மேற்கே நடந்து, கடைசியில் கொஞ்சம் வடக்கே திரும்பி ஏறுகிறோம். படத்தில் விரலை வைத்துக் கோடு இழுத்துப் பாருங்கள், ஒரு தூண்டில் முள் போல வளைந்து வரும்.

இரண்டாவது வழி படுவான்கரை வழி. திமிலைதீவுப் பக்கத்திலிருந்து வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போய், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று தெற்கே இறங்கி, மத்திய முகாம் என்ற ஊர்ப் பக்கமாக உள்ளே போவது. படத்தில் இது நேராகத் தெரியும். தூரமும் குறையும். வழி தெரிந்த ஆளோடு, பகலில், மழையில்லாத மாதத்தில் போனால் இது மனத்துக்கு நிறைவான வழி. இரண்டு பக்கமும் வயல், இடையிடையே குளக்கட்டு, வீதியோரத்தில் எருமைத் தயிர்ச் சட்டி. ஆனால் புதியவருக்கு இதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன். பொழுதுபட்டால் யானை இறங்கும் பகுதி. திருப்பங்களில் பெயர்ப்பலகையை நம்பி ஓட முடியாது. டயர் காற்றுப் போனால் உதவி வரும் வரை வெட்டவெளியில் நிற்க வேண்டும்.

செல்பேசி சில வேளை மூன்றாவதாக ஒன்றைக் காட்டும். செங்கலடியால் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை தாண்டி மகாஓயா, அங்கிருந்து தெற்கே உகன. ஊர்நெரிசல் குறைவு, தூரம் கூட. கரையோர வீதி தண்ணீரில் அடைபட்ட நாளில்தான் இது யோசிக்க வேண்டிய வழி. இதிலும் யானை உண்டு.

வாவியைக் குறுக்கே கடக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: மண்முனையில் 2014இல் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போவது இலகுவாகிவிட்டது. அதற்கு முன்னர் அங்கே ‘பாதை’தான். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ரோட்டு அல்ல, வாவியைக் கடக்கும் தட்டையான மிதவை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஒரு தடவையாவது பாதையில் போய்ப் பாருங்கள். மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹெல்மட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். பக்கத்தில் ஒரு அம்மா கோயிலுக்குக் கொண்டுபோகும் வாழைக்குலையைச் சாய்த்துப் பிடித்திருப்பார். தண்ணீர் தளத்தின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே நிற்கும். ஆனால் பெட்டிகளோடு, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஆளுக்கு அது வழியல்ல. மிதவை அக்கரையில் நின்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

5. கிலோமீற்றரை மணித்தியாலமாக மாற்றுங்கள்

இலங்கையில் ஊருக்குள் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர், ஊருக்கு வெளியே கார்களுக்கு 70, முச்சக்கர வண்டிக்கு 40. எழுவான்கரை வீதியில் ‘ஊருக்கு வெளியே’ என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. காத்தான்குடியிலிருந்து காரைதீவு வரை ஓர் ஊர் முடியுமுன் அடுத்த ஊர் தொடங்கிவிடும். அதனால் சராசரி 40க்கு மேல் போகாது என்று எடுங்கள். 75ஐ 40ஆல் வகுத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. நான் போடும் அடிப்படை எண் இரண்டு மணித்தியாலம். அதன்மேல் இவற்றைக் கூட்டுவேன்.

காலை ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வெள்ளைச் சட்டைகள் வீதி முழுக்க இருக்கும், வாகனம் ஊர்ந்துதான் போக வேண்டும், ஊரத்தான் வேண்டும். பிற்பகல் ஒன்றரைக்குப் பிறகும் அப்படியே. 20 நிமிடம் கூட்டுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எல்லாவற்றிலும் பள்ளிவாசல் முன்னால் வீதி நிறையும். முடிந்தால் அந்த நேரத்தைத் தவிர்த்து வெளிக்கிடுங்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பு நடக்கும் நாட்களில் கல்முனைக்கு முன்னாலேயே நிற்க வேண்டிவரும். பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனி நாட்களில் சம்மாந்துறை – மல்வத்தைப் பக்கம் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும். மற்றப் பாதியில்தான் இரு திசை வாகனமும். ஹோன் அடித்து அவசரப்படுத்த வேண்டாம், அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு.

கார்த்திகை முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. அந்த மாதங்களில் நேரத்தைக் கூட்டுவதற்கு முன்னர் வீதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 நவம்பர் 26இல் காரைதீவு – சம்மாந்துறை வீதியில், மாவடிப்பள்ளியில், வீதிக்கு மேலால் பாய்ந்த வெள்ளம் மதரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரத்தை இழுத்துக்கொண்டுபோனது. பிள்ளைகள் உயிரிழந்தார்கள். நீங்கள் கல்லோயாவுக்குப் போகும் வழியும் அதே இடத்தால்தான் போகிறது. அந்த நேரம் வயலும் வீதியும் ஒரே மட்டமாகத் தெரியும், ஓட்டம் எவ்வளவு வேகம் என்று வாகனத்துக்குள் இருந்து கணிக்க முடியாது. தண்ணீர் வீதிக்கு மேலால் போகிறது என்றால் திரும்புங்கள், எந்த முகூர்த்தமாக இருந்தாலும் திரும்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண்ணுக்கு எடுத்தால் விசாரிக்கலாம். அதைவிட, சம்மாந்துறையில் தெரிந்த கடைக்காரர் ஒருவரின் நம்பர் இருந்தால் இன்னும் நல்லது.

6. சொந்த வாகனம் இல்லாதவர்களுக்கு

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பஸ் அடிக்கடி உண்டு. அம்பாறைக்குப் போகிறவர் கல்முனையில் மாறலாம். அக்கரைப்பற்று பஸ்ஸில் இருந்தால் காரைதீவுச் சந்தியில் இறங்கி, வீதியைக் கடந்து அம்பாறை பஸ்ஸைப் பிடிக்கலாம். பெட்டி இருந்தால் கல்முனையிலேயே மாறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். காத்திருப்பையும் சேர்த்து அம்பாறை நகரத்துக்கு மூன்று மணித்தியாலம் வையுங்கள். அங்கிருந்து உகனவுக்கு இன்னொரு பஸ் அல்லது ஓட்டோ. ஓட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். அம்பாறையைத் தாண்டியதும் சிங்களம்தான் பேச்சுமொழி, போகும் இடத்தின் பெயரைச் சிங்கள எழுத்தில் யாரிடமாவது எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது உதவும்.

7. உண்மையில் எங்கே போகிறீர்கள்?

இதை ஏழாவதாக எழுதினாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். விமான நிலையம் யாருக்கும் சேருமிடம் அல்ல. மாமிக்கு வேண்டியது வீரமுனை. அது காரைதீவுக்கும் அம்பாறைக்கும் நடுவில், சம்மாந்துறைப் பக்கம். அம்பாறை விமான நிலையத்தின் தூரத்தை வைத்து வீரமுனையைக் கணித்தது ஆரம்பத்திலேயே சறுக்கல். மட்டக்களப்பில் விமானத்தால் இறங்கிக் கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர் நகரத்துக்குள் வரவே தேவையில்லை, வலையிறவால் போய்விடலாம். களுவாஞ்சிக்குடிக்குப் போகிறவர் கல்லடியைக் கடந்தே ஆக வேண்டும். எந்தக் கரை என்று கேட்டுவிட்டு வழியைத் தொடங்குங்கள்.

இதே முறையை வேறு இரண்டு இடங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இறங்குகிறார்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் வருகிறது. 2019 ஒக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பலாலியிலிருந்து மட்டக்களப்பு வடக்குத் தெற்காக 125 கலை, கிழக்கு மேற்காக ஏறத்தாழ 96 கடல் மைல். பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் 157 கடல் மைல் சொச்சம், 290 கிலோமீற்றர் அளவு. தரையில் அது 350ஐத் தாண்டும், பஸ்ஸில் ஓர் இரவு போய்விடும். கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவிலிருந்து நேர்கோட்டில் 206 கிலோமீற்றர், சிறிய விமானம் கிடைத்தால் முக்கால் மணித்தியாலத்துக்குள். தரையில் 300 அளவு. பஸ்ஸிலோ ரயிலிலோ எட்டு மணித்தியாலம் என்று வையுங்கள். சிறிய விமானத்தில் சாமான் எடைக் கட்டுப்பாடு இறுக்கமானது. சொக்லேட் பெட்டிகளோடு வருகிற உறவினருக்கு இதைச் சீட்டு எடுக்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

கல்யாணம் முடிந்து நாலாம் நாள் மாமியை நானே வீரமுனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நேரத்தை அவரே ஒரு துண்டில் குறித்து வந்தார். கல்லடிப் பாலம் காலை 6.10. களுவாஞ்சிக்குடி 6.50. கல்முனை 7.10. காரைதீவுச் சந்தி 7.20. சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலடி 7.35. கோயில் வாசலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் பொம்பிளை வீட்டுக்கு நடந்தோம். கல்யாணப் பிள்ளைகள் இருவரும் பாயில் இருக்க, மாமி கைப்பைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்தார். லண்டனிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கைக்குட்டையில் கட்டிய அரிசி. அறுகு மட்டும் வேலியோரத்தில் பிடுங்கியது.